பின்கதவைத் திறந்த தாதி

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் காலையில், கெடா மாநிலத்தின் சுங்கைப்பட்டாணி, அலோர் ஸ்டார் விமானத் தளங்களின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சயாம் எல்லையைக் கடந்து வந்த தரைப்படை, சில நாள்களுக்குள் ஜித்ராவில் இருந்த பிரிட்டிஷ் அரணை உடைத்தது. அதன்பின் அலோர் ஸ்டார், குருண், சுங்கைப்பட்டாணி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. சாலையோரத்து இரப்பர்த் தோட்டங்களிலிருந்து துரைமார்கள் தெற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். தோட்ட மருத்துவமனைகளை முறைவைத்துப் பார்வையிட்டு வந்த வெள்ளைக்கார மருத்துவர்களும் போய்விட்டார்கள்.

தோட்டத்தில் எஞ்சியவர், மக்கள் ‘டிரசர்’ என்று அழைத்த மருத்துவ உதவியாளர். அவருடைய அலமாரியில் கொஞ்சம் கொய்னா மாத்திரை, கொஞ்சம் டிஞ்சர், சில சுருள் கட்டுத்துணி இருக்கும். அவை தீர்ந்தால் மீண்டும் வர வழியில்லை. மலேரியாவுக்கு மருந்தான கொய்னா, சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. அன்றைய உலகின் சிங்கோனாத் தோட்டங்களுள் பெரும்பாலானவை ஜாவாத் தீவில் இருந்தன. 1942ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜாவாவும் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அரிசி குறைந்தது, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. சத்தின்மையால் கால் வீங்கியவர்களும் ஆறாப் புண்ணோடு நடந்தவர்களும் லயங்களில் பெருகினார்கள். அடுத்த ஆண்டில் கெடாத் தோட்டங்களிலிருந்தும் பிற மாநிலத் தோட்டங்களிலிருந்தும் தமிழர்கள் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் இரயில் பாதையின் ஓரத்தில் காலராவும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களைப் பிடித்தன. பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. கழுவிக் கட்டுப்போடவும், கொதித்த நீரைக் கொடுக்கவும், இரவில் அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளவும் பயிற்சி பெற்ற கைகள் அங்கே மிகச் சிலவே இருந்தன. இருந்திருந்தால் அவர்களுள் பலர் வீடு திரும்பியிருப்பர்.

பயிற்சி பெற்ற ஒரு தாதியின் மதிப்பு என்ன என்பதை மலாயா மக்கள் அந்த மூன்றரை ஆண்டுகளில்தான் முழுமையாக உணர்ந்தார்கள். கெடாவுக்குத் தெற்கே உள்ள பேராக் மாநிலத்தில் அப்படி ஒரு தாதி வாழ்ந்தார். அவர் பெயர் சிபில் கார்த்திகேசு. இன்று அவரைச் சுதந்திரப் போராளி என்றும் வீரப்பெண்மணி என்றும் நூல்கள் குறிப்பிடுகின்றன. அவர் அனுபவித்த சித்திரவதைகளைப் பற்றியும் நிறையப் பேசுகின்றன. அவை உண்மையே. ஆனால், அவர் ஏன் சித்திரவதைக்கு உள்ளானார் என்று கேட்டால், விடை அவருடைய தொழிலில்தான் இருக்கிறது. அவர் நோயாளிகளைப் பார்த்தார். அவர்கள் யார் என்பதைச் சொல்ல மறுத்தார்.

சிபில் பிறப்பால் தமிழர் அல்லர். 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், சுமத்ராத் தீவின் மேடான் நகரில் பிறந்தார். அந்த ஊரின் பெயரே அவருடைய பெயரின் நடுவிலும் இடம்பெற்றது: சிபில் மேடான் டேலி. தந்தை ஜோசப் டேலி, ஐரிஷ் வழிவந்த யுரேசியர். தோட்டத் தொழிலில் இருந்தவர். தாய் பியாட்ரிஸ், பிரெஞ்சு வழிவந்த யுரேசியப் பெண்மணி, பேறுகால மருத்துவச்சி. பிரசவ வீட்டுக்கு எந்த நேரத்தில் அழைப்பு வந்தாலும் எழுந்து போகவேண்டிய தொழில் அது. அந்தத் தாயின் வழியே மகளும் சென்றார். தாதிமைப் பயிற்சியும் மருத்துவச்சிப் பயிற்சியும் பெற்றார். ஆங்கிலத்தோடு கண்டனீஸ் மொழியையும் சரளமாகப் பேசினார். அந்த மொழித்திறன் பிற்காலத்தில் எத்தனை பேருக்குப் பயன்படும் என்று அப்போது யாரும் எண்ணியிருக்க முடியாது.

‘கார்த்திகேசு’ என்ற பெயர் அவருக்குத் திருமணத்தால் வந்தது. கணவர் தைப்பிங்கில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மருத்துவர். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஆறுமுகம் கணபதிப் பிள்ளை. மணமகன் இந்து, மணமகள் கத்தோலிக்கக் கிறித்துவர். ஆகவே தொடக்கத்தில் பெண் வீட்டில் தயக்கம் இருந்தது. பின்னர் இரு குடும்பத்தாரும் இசைந்தனர். 1919ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் கோலாலம்பூர் புக்கிட் நானாஸில் உள்ள செயின்ட் ஜான் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. மணமகன் ஆப்டன் கிளமென்ட் கார்த்திகேசு என்ற பெயரை ஏற்றார். ஊரார் அவரை டாக்டர் கார்த்திகேசு என்று அழைத்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர்களுக்கு முதல் குழந்தை பிறந்தது. மைக்கேல் என்று பெயரிட்டார்கள். குழந்தை 19 மணி நேரமே உயிருடன் இருந்தது. தந்தை மருத்துவர், தாய் தாதி, பாட்டி மருத்துவச்சி. ஆயினும் காப்பாற்ற முடியவில்லை. மூச்சுத் திணறும் பச்சிளங்குழந்தைக்கு இன்றைக்கு இருக்கும் இன்குபேட்டரும் சுவாசக் கருவியும் அன்றைய மலாயாவில் இல்லை. அதன்பின் வில்லியம் என்ற சிறுவனை அவர்கள் தத்தெடுத்தனர். 1921ஆம் ஆண்டு ஒல்கா என்ற மகளும், 1936ஆம் ஆண்டு டோன் என்ற மகளும் பிறந்தனர்.

1926ஆம் ஆண்டு கணவனும் மனைவியும் ஈப்போவில் புரூஸ்டர் சாலை, 141ஆம் எண் கட்டடத்தில் மருந்தகம் திறந்தனர். அந்தச் சாலைக்கு இன்று ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா என்று பெயர். ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த ஈப்போவில் சீனர்கள் பெருந்தொகையாக வாழ்ந்தனர். வயிற்றில் எந்த இடத்தில் வலிக்கிறது, எப்போது தொடங்கியது, எத்தனை முறை வாந்தி எடுத்தாய் என்று நோயாளியின் மொழியிலேயே கேட்கத் தெரிந்த தாதி மருந்தகத்துக்கு எவ்வளவு பெரிய துணை! மருத்துவர் நோயாளியைச் சில நிமிடங்கள் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் பார்ப்பவர் தாதிதான். நோயாளி சொல்லாமல் விட்டதைக்கூடத் தாதி கண்டுகொள்வது, பேசவும் பார்க்கவும் தெரிந்திருப்பதால்தான். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அந்த மருந்தகம் நடந்தது. ஊரில் அவர்களை அறியாதவர் குறைவு.

கெடாவை வீழ்த்திய படை பேராக்கை நோக்கி இறங்கியது. ஈப்போவிலும் குண்டுகள் விழுந்தன. டிசம்பர் இறுதியில் நகரம் ஜப்பானியர் கையில் சிக்குவதற்குச் சில நாள்கள் முன்னதாக, கார்த்திகேசு குடும்பம் அருகிலிருந்த பாப்பான் என்ற சிற்றூருக்கு இடம் பெயர்ந்தது. மலாய் மொழியில் ‘பாப்பான்’ என்றால் பலகை. ஒரு காலத்தில் மரம் அறுத்த ஊர். பிறகு ஈயம் தோண்டிய ஊர். ஒரே ஒரு பெரிய தெரு, இருபுறமும் மாடிக் கடைவீடுகள், பின்னால் காய்கறித் தோட்டங்கள், அவற்றுக்கும் பின்னால் காடு. அந்தத் தெருவில் 74ஆம் எண் வீட்டில் சிபில் குடியேறினார். அங்கேயே மருந்தகமும் தொடங்கினார். டாக்டர் கார்த்திகேசு பெரும்பாலும் ஈப்போவில் தம் பணியைத் தொடர்ந்தார்.

பகலில் முன்கதவு வழியாக ஊர்மக்கள் வந்தனர். மலேரியாக் காய்ச்சல், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு, பிரசவம், சத்துக்குறைவால் வந்த வீக்கம், சுரங்கத்தில் பட்ட அடி என்று நோய்களுக்குக் குறைவில்லை. பலரிடம் காசு இல்லை. இருட்டிய பிறகு பின்பக்கமாக வேறு சிலர் வந்தார்கள். அவர்கள் காட்டில் ஒளிந்திருந்த மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்பு இராணுவத்தைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலோர் இளைஞர்கள், பெரும்பாலோர் சீனர்கள். குண்டடி பட்டவர்கள், காய்ச்சலில் நடுங்கியவர்கள், காலில் புண் புரையோடி நடக்க இயலாதவர்கள். இவர்களுக்கு உதவினால் என்ன தண்டனை என்பதைச் சிபில் நன்றாக அறிந்திருந்தார். கதவைத் திறந்தார்.

துப்பாக்கிக் காயம் ஒன்றை இரவில், எண்ணெய் விளக்கின் ஒளியில் பார்ப்பது எப்படிப்பட்ட வேலை என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். பாய்ந்த குண்டைவிட அது உள்ளே இழுத்துச் செல்லும் பொருள்களே பல வேளைகளில் அதிக ஆபத்தானவை. அழுக்குச் சட்டையின் கிழிசல், சேறு, இலைத்துணுக்கு ஆகியவை சதைக்குள் தங்கிவிட்டால் சில நாள்களில் காயம் அழுகத் தொடங்கும். எனவே முதலில் இரத்தப்போக்கை நிறுத்தவேண்டும். கருவிகளைக் கொதிநீரில் இட்டுக் கிருமி நீக்கவேண்டும். குண்டை எடுத்தபின், உயிரிழந்த சதையை வெட்டி அகற்றிக் காயத்தைக் கழுவவேண்டும். அழுக்கான காயத்தை உடனே தைத்து மூடக்கூடாது. மூடினால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். சுத்தமான துணியை உள்வைத்துத் திறந்தபடி கட்டி, நாள்தோறும் மாற்றவேண்டும்.

அத்தோடு வேலை முடிவதில்லை. காயத்தைச் சுற்றிச் சிவப்பு படர்கிறதா, வாடை மாறுகிறதா, நாடி வேகமாகிறதா, காய்ச்சல் ஏறுகிறதா, நோயாளியின் பேச்சு குழறுகிறதா என்று அடுத்தடுத்த நாள்களில் கவனிப்பதே உயிரைக் காக்கும். இன்றைய மருத்துவமனையில் ஓர் இயந்திரம் ஒலியெழுப்பி அறிவிக்கும் செய்திகளை அன்றைய தாதி தம் விரலாலும் கண்ணாலும் மூக்காலும் அறிந்தார். கிருமியை அழிக்க அக்காலத்தில் சல்ஃபா மருந்துகள் இருந்தன; அவையும் கிடைப்பது அரிது. பெனிசிலின் அப்போதுதான் மேலை நாடுகளில் போர்வீரர்களுக்குக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. ஜப்பானியர் கையிலிருந்த மலாயாவில் அதை எதிர்பார்க்க வழியே இல்லை.

பாப்பான் வீட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மருத்துவமனையில் என்றால் நோயாளியைப் படுக்கையில் வைத்துக் கவனிக்கலாம். காட்டிலிருந்து வந்தவர்கள் விடிவதற்குள் திரும்பியாகவேண்டும். எதிர்வீட்டுக்காரர் பார்க்கக்கூடாது, தெருவில் காவலர் நடமாட்டம் உண்டு. அவர்கள் திரும்பிச் சென்ற காட்டில் கொதிநீருக்கும் சுத்தமான துணிக்கும் உத்தரவாதம் இல்லை. சிகிச்சையின் பாதி இங்கே, மீதிப் பாதி காட்டில். ஆகவே சிபில் மருந்துகளையும் காட்டுக்கு அனுப்பினார். தாம் அறிந்த செய்திகளையும் அனுப்பினார். தடைசெய்யப்பட்ட சிற்றலை வானொலிப் பெட்டிகளை வீட்டில் ஒளித்துவைத்து, பிபிசி செய்திகளைக் கேட்டுவந்தார். போர் எந்தத் திசையில் செல்கிறது என்பது காட்டில் இருந்தவர்களுக்கும் ஊரில் நம்பிக்கை இழந்தவர்களுக்கும் அவர் வழியே தெரிந்தது. வானொலி பிடிபட்டால் தலை போகும் காலம் அது.

இவ்வளவையும் அவர் தனியாகச் செய்யவில்லை. கணவரும் பிள்ளைகளும் உடனிருந்தனர். ஊர்மக்களுள் பலரும் அறிந்தே இருந்திருப்பர். சின்னஞ்சிறு ஊரில் இரவு நேர நடமாட்டம் யாருக்கும் தெரியாமல் போகாது. பாப்பான் மக்கள் நெடுநாள் வாய்திறக்கவில்லை என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி.

ஆனால், இரகசியம் என்றைக்கும் நிலைக்கவில்லை. 1943ஆம் ஆண்டு டாக்டர் கார்த்திகேசுவும் சிபிலும் வளர்ப்பு மகன் வில்லியமும் கைது செய்யப்பட்டனர். கெம்பெய்த்தாய் எனப்பட்ட ஜப்பானிய இராணுவக் காவல்படை சிபிலை விசாரித்தது. காட்டிலிருந்து வந்தவர்கள் யார், அவர்களுடைய பெயர்கள் என்ன, எங்கே தங்கியிருக்கிறார்கள், யார் யார் உதவினார்கள் என்பவையே கேள்விகள். தாதியிடமிருந்து அவர்கள் கேட்டது நோயாளிகளின் பட்டியலை.

நோயாளியின் செய்தியைப் பிறரிடம் சொல்லக்கூடாது என்பது தாதிமையின் பழைய விதி. சாதாரண நாள்களில் அந்த விதியைக் கடைப்பிடிப்பது எளிது. அண்டை வீட்டாரிடம் வாயடக்கமாக இருந்தால் போதும். சிபில் அதற்குக் கொடுத்த விலை வேறு. அவரைப் பிரம்பால் அடித்தார்கள். தண்ணீரை வலுக்கட்டாயமாகக் குடிக்கவைத்து வதைத்தார்கள். காய்ச்சிய இரும்பால் கால்களில் சூடு வைத்தார்கள். நகங்களைக் குறட்டால் பிடுங்கினார்கள். முதுகெலும்பு பாதிக்கப்பட்டு அவரால் நடக்க இயலாமற் போனது. காலணி அணிந்த காலால் உதைத்ததில் தாடையில் காயம் ஏற்பட்டது. அவர் பெயர்களைச் சொல்லவில்லை.

ஒருநாள் சிறுமியான மகள் டோனைக் கொண்டுவந்தார்கள். தாயின் கண்முன்னே சிறுமியை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினார்கள். தாயின் மனத்தை உடைக்க இதைவிடக் கொடிய வழி இருக்க முடியாது. இங்கே சிபில் செய்ததைச் சரியா தவறா என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வது எளிதன்று. சொல்லியிருந்தால் காட்டில் இருந்தவர்களும், அவர்களுக்குச் சோறு கொடுத்த ஊர்மக்களும், அவர்களுடைய பிள்ளைகளும் என்ன ஆகியிருப்பார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். அப்போதும் அவர் பெயர்களைச் சொல்லவில்லை. சிறுமி உயிரோடு இறக்கிவிடப்பட்டாள்.

அதன்பின் சிபில் பத்து காஜா சிறையில் அடைக்கப்பட்டார். முதுகெலும்பு அடிபட்டு எழுந்திருக்க முடியாதவருக்கு மணிக்கணக்கில் பக்கம் மாற்றிப் படுக்கவைத்தல் வேண்டும். இல்லையேல் படுக்கைப் புண் வரும். காயங்களை நாள்தோறும் கழுவிக் கட்டவேண்டும். சத்துள்ள உணவு வேண்டும். தம் வாழ்நாளெல்லாம் பிறருக்கு இவற்றைச் செய்த ஒருவர், இவற்றுள் எதுவும் முறையாகக் கிடைக்காத நிலையில் சிறைத்தரையில் கிடந்தார். தம் உடலில் என்ன நடக்கிறது என்பதைப் பயிற்சி பெற்ற தாதியின் அறிவோடு அவர் அறிந்திருப்பார். மற்றக் கைதிகளுக்கு அந்த அறிவின் துன்பமாவது இல்லை.

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜப்பான் சரணடைந்தது. சிபில் விடுதலை பெற்றார். அவரைப் பார்த்தவர்களுக்கு நிலைமையின் கடுமை விளங்கியது. உள்நாட்டில் மருத்துவமனைகளே சீர்குலைந்து கிடந்த நேரம் அது. எனவே அவரைச் சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். அங்கு நீண்ட சிகிச்சைகளுக்கு இடையே தம் நினைவுகளை எழுதினார். அந்நூல் ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற பெயரில் 1954ஆம் ஆண்டு வெளிவந்தது. துளியும் இரக்கமற்ற நிலை என்பது அத்தலைப்பின் பொருள். நூலை அச்சில் பார்க்க அவர் இல்லை.

வீரச்செயல் புரிந்த பொதுமக்களுக்கு வழங்கப்படும் ஜார்ஜ் பதக்கம் சிபிலுக்கு அறிவிக்கப்பட்டது. பக்கிங்ஹாம் அரண்மனையில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் கையால் அதைப் பெற்றார். அதற்குச் சில மாதங்களுக்குப் பின், 1948ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், தம் 48ஆம் வயதில் பிரிட்டனிலேயே காலமானார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் தாடையில் பட்ட காயமே இரத்தத்தில் நஞ்சு கலக்கக் காரணமாயிற்று.

இரத்தத்தில் நஞ்சு கலத்தல் என்று வழக்கில் சொல்லப்படும் இந்நிலையை மருத்துவர்கள் செப்சிஸ் என்பர். உடலின் ஓரிடத்தில் உள்ள கிருமித்தொற்று, அந்த இடத்தோடு நில்லாமல் உடல் முழுவதையும் தாக்கும் நிலை இது. கிருமியை எதிர்க்க எழும் உடலின் சொந்த ஆற்றலே கட்டுப்பாடு இழந்து உறுப்புகளைச் சேதப்படுத்துகிறது. இரத்த அழுத்தம் சரியும், மூச்சு வேகமாகும், சிறுநீர் குறையும், நினைவு தடுமாறும். இவை மணிக்கணக்கில் மாறக்கூடியவை. ஆகவே காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை வந்து பார்ப்பது இத்தகைய நோயாளிக்குப் போதாது. ஒருவர் எப்போதும் அருகில் இருக்கவேண்டும்.

இப்படி எப்போதும் அருகில் இருந்து கவனிப்பதற்கென்றே தனிப் பிரிவு அமைக்கும் முறை, சிபில் இறந்தபோது உலகில் இன்னும் உருவாகவில்லை. 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாத நோய் கடுமையாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளின் தொண்டையில் குழாய் பொருத்தி, மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் கையால் பையை அழுத்திக் காற்றைச் செலுத்தினார்கள். அதை வழிநடத்தியவர் பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்தியல் மருத்துவர். அந்த அனுபவத்திலிருந்துதான் இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்தது. மலேசியாவில் கோலாலம்பூர் மருத்துவமனையில் 1968ஆம் ஆண்டு அத்தகைய பிரிவு தொடங்கப்பட்டது. பின்னர் அது மாநில மருத்துவமனைகளுக்கும் பரவியது.

இன்று கெடாவில் அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனையிலும் சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. ஒரு காலத்தில் டிரசரின் அலமாரியை மட்டுமே நம்பியிருந்த தோட்டங்களின் பேரப்பிள்ளைகள் அங்கே நோயாளிகளாக மட்டுமன்றித் தாதியராகவும் இருக்கிறார்கள். சுவாசக் கருவி பொருத்தப்பட்ட நோயாளி பேச முடியாது. எனவே, தாதி அவருடைய கண்ணசைவைப் படிக்கிறார். நாடி, மூச்சு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம், சிறுநீரின் அளவு ஆகியவற்றைத் தொடர்ந்து குறிக்கிறார். குழாயில் சேரும் சளியை அகற்றுகிறார். வாயைச் சுத்தம் செய்கிறார். உரிய நேரத்தில் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கிறார். இயந்திரம் எண்ணைக் காட்டும். அந்த எண் இந்த நோயாளிக்கு நல்லதா கெட்டதா என்பதை முதலில் உணர்பவர், அவர் அருகிலேயே நிற்கும் தாதி. பாப்பான் வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் நடந்த வேலைக்கும் இதற்கும் கருவிகளில்தான் பெரிய வேறுபாடு.

சிபிலின் உடல் முதலில் ஸ்காட்லாந்தின் லானார்க் நகரில் அடக்கம் செய்யப்பட்டது. மலாயாவில் இருந்தவர்கள் அவரை அங்கேயே விட்டுவிட விரும்பவில்லை. மறு ஆண்டு அவருடைய உடல் தாயகம் கொண்டுவரப்பட்டது. 1949ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், ஈப்போ செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை அடுத்துள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் மீண்டும் அடக்கம் செய்தனர். புரூஸ்டர் சாலை மருந்தகத்தில் கைக்குழந்தையோடு வரிசையில் நின்றவர்களுக்கும், பாப்பானில் பின்கதவு வழியாக வந்து உயிரோடு திரும்பியவர்களுக்கும் அந்த இடம் எட்டிவிடும் தொலைவில்தான் இருந்தது.

ஈப்போவின் ஃபேர் பார்க் பகுதியில் ஒரு சாலைக்கு ஜாலான் சிபில் கார்த்திகேசு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பாப்பான் நகரில் பழைய கடைவீடுகள் பல ஆளின்றிச் சிதைந்துவிட்டன. சுவர்களில் ஆலமரம் வேர்விட்டு நிற்கிறது. 74ஆம் எண் வீடு மட்டும் அவருடைய நினைவிடமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அங்கே செல்பவர்கள் தெருவைப் பார்த்த முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்து, கூடத்தைக் கடந்து, வீட்டின் பின்பக்கத்துக்கும் சென்று பார்க்கலாம்.